இறங்கி வந்தவர்கள்

புதன்கிழமை வேதபாடத்துக்கு ஏழு பேர்.
மழை இருட்டு.
தெல்லிப்பழைக் கோயிலின் பக்க அறையில்
ஃபான் ஒரு பக்கம் சரிந்து சுற்ற
நான் ஆபிரகாமை மலையேற்றிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஆயத்தமாய்க் கொண்டுபோயிருந்தேன்.
மகனின் தோளில் விறகு: அது சிலுவை.
மூன்றாம் நாள்: அது உயிர்ப்பு.
புதரில் கொம்பு மாட்டிய கடா, சொல்லவே வேண்டாம்.
செமினரி நாளிலிருந்து
இந்தப் பூட்டுக்கு இந்தத் திறப்பு
ஒருக்காலும் பிசகியதில்லை.
பழைய ஏற்பாட்டின் விளிம்பெங்கும் நீல மையில்
முன்னடையாளம், முன்னடையாளம் என்று
நானே எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசி வாங்கில் ஹரியற் அக்கா.
"ஐயா, இறங்கி வரேக்கை பெடியன் எங்கை?"

பெடியன் தப்பிவிட்டான் அக்கா, அதுக்குத்தானே ஆடு.

"தப்பினது சரி.
இறங்கினது ஆரெண்டு வாசியுங்கோ."

வாசித்தேன்.
தகப்பன் திரும்பி வருகிறான்.
கழுதையோடு காத்திருந்த வேலைக்காரரோடு
சேர்ந்து ஊருக்குப் போகிறான்.
ஏறும்போது இருவரும் கூடிப் போனதை
இரண்டு தரம் எழுதிய கை
இறங்கும்போது மகனின் பெயரை
ஒரு தரமும் எழுதவில்லை.
இருபது வருஷமாய்ப் பிரசங்கித்த அதிகாரம்.
கல்வாரிக்குப் போகும் அவசரத்தில்
அந்த வரியை
நான் ஓடிக் கடந்திருக்கிறேன்.

ஹரியற் அக்காவின் புருஷனும் மகனும்
தொண்ணூற்றாறில் ஒரே சைக்கிளில் போனவர்கள்.
சைக்கிளும் புருஷனும் திரும்பி வந்தது.
அவர் சாகும்வரை அந்தப் பாதையைப் பற்றி
வாய் திறக்கவில்லை என்று
ஊரில் எல்லாருக்கும் தெரியும்.
அக்கா அதைச் சொல்லவில்லை.
மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு
"அடுத்த பக்கத்திலை தாய் செத்துப்போறா" என்றா.
"ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

கேட்டிருக்கிறார்கள்.
அன்றிரவு புத்தகங்களைக் கிளறியபோது கண்டேன்.
வலமிருந்து இடமாக இதை வாசிக்கிறவர்கள்
எங்களுக்கு முன்னும், எங்கள் காலத்திலும்
பெடியன் எங்கே என்று கேட்டபடியே இருக்கிறார்கள்.
தாயின் சாவை மலையோடு முடிச்சுப்போட்டிருக்கிறார்கள்.
அவர்களிடம் ஒருநாளும் நான் விசாரித்ததில்லை.

மிருசுவிலில் யாரோ விட்டுப்போன வீட்டில்
இடம்பெயர்ந்து ஆறு மாதம் இருந்தோம்.
அறை வாசல் நிலையில் பென்சில் கோடுகள்,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர்:
கௌசி, மயூரன், திரும்பவும் கௌசி.
எங்கள் தம்பியை அதில் சாய்த்து நிறுத்தி
அவனுக்கும் ஒரு கோடு போட்டோம்.
மாசி பிறக்க முன்னம்
அந்த நிலை எங்களை அளக்கவென்றே
அறுத்து வைத்த மரம் போலாகிவிட்டது.
மயூரன் என்ற பெயர் எங்களுக்கு
தம்பி எட்டவேண்டிய உயரம், அவ்வளவுதான்.

பிறகு வீட்டுக்காரரின் கடிதம் வந்தது.
கறுத்தக்கொழும்பான் காய்த்ததா?
கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட்டீர்களா?
மயூரனுக்கு இப்போது மீசை அரும்புதாம்.
அம்மா அதை இரண்டு தரம் வாசித்தா.
பிறகு நிலையைத் துடைக்கப் போனவ
துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றா.
எந்தக் கோட்டையும் அழிக்கவில்லை.

நானும் நீல மையை அழிக்கப்போவதில்லை.
எனக்கு அந்தக் கடாவைத் தெரியும்.
அதை நம்பித்தான் அங்கியைப் போட்டேன்.
ஆனால் அந்த வரிக்கு நேரே
இப்போது பென்சிலால் ஒரு கேள்வி,
அக்காவின் பேச்சிலேயே.

கூட்டம் கலைந்தபோது மழை விடவில்லை.
குடையை விரிக்க முதல் கேட்டா,
"வாற புதன் எந்த இடம் ஐயா?"
யோசேப்பு, பலவர்ண அங்கி என்று
அட்டவணையில் இருந்தது.
இதே இடந்தான் அக்கா என்றேன்.
தலையசைத்துவிட்டு
தண்ணீர் நின்ற முற்றத்தில்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினா.